பனிக்கு அடியில் ஒரு பொறி

இமயத்தில் பனிச்சரிவைக் கணிக்க வானத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. மண்வெட்டி எடுத்துத் தோண்டியும் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கை முந்தின நாளே வந்துவிட்டது. 2025 பிப்ரவரி 27 மாலை, சண்டிகரில் உள்ள பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. உத்தராகண்டின் சமோலி, உத்தரகாசி, ருத்ரபிரயாக், பித்தோராகட், பாகேஷ்வர் மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் அடுத்த 24 மணி நேரத்துக்குப் பனிச்சரிவு அபாயம் என்றது அறிவிப்பு. மறுநாள் காலை, பத்ரிநாத்துக்கு அப்பால் மாணா கிராமத்தருகே எல்லைச் சாலைகள் அமைப்பின் முகாம் மீது பனி வந்து இறங்கியது. கன்டெய்னர்களிலும் கொட்டகையிலும் தங்கியிருந்த 54 தொழிலாளர்கள் சிக்கினார்கள். 46 பேரை உயிரோடு மீட்டார்கள். 8 பேர் இறந்தார்கள். பலரைக் காப்பாற்றியவை அந்த இரும்புக் கன்டெய்னர்கள்தான்.

எச்சரிக்கை தவறவில்லை. ஆனால் அந்த ஐந்து மாவட்டங்களின் பரப்பு சுமார் 27,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அங்கே ஆயிரக்கணக்கான மலைச்சாய்வுகள் இருக்கின்றன. எது உடையும், எது உடையாது என்று அறிவிப்பு சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. வரப்போகிற புயலைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிடலாம். எந்தச் சாய்வு உடையத் தயாராக இருக்கிறது என்பதற்கான விடை பெரும்பாலும் வானத்தில் இல்லை. சில மில்லிமீட்டரோ சில சென்டிமீட்டரோ கனமுள்ள ஓர் அடுக்காக, வாரக்கணக்கில் அது பனிக்குள் புதைந்து கிடக்கிறது.

பனிச்சரிவு என்றதும் சமவெளிக்காரர்களுக்கு நினைவு வருவது சினிமா. உச்சியில் ஓர் உருண்டை உருளும், பெருத்துக்கொண்டே வரும். அல்லது யாராவது உரக்கக் கத்துவார்கள், மலை இடிந்துவிடும். இரண்டுமே கட்டுக்கதை. ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை வேறு ரகம். சாய்த்து வைத்த மேஜையில் கடுகைப் பரப்பி, அதன்மேல் ஒரு பலகையை வைத்துப் பாருங்கள். அதுதான் கதை. காற்று அடித்து இறுகிய பனி மேலே பலகையாகக் கிடக்கிறது. அடியில் ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளால் ஆன ஓர் அடுக்கு. பலகையின் மேல் புதிதாக அரை மீட்டர் பனி விழுந்தாலும் சரி, ஒரு மனிதன் நடந்தாலும் சரி, அடியில் உள்ள மணிகள் நொறுங்குகின்றன. நொறுங்கல் ஓரிடத்தில் நிற்பதில்லை. வினாடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடுகிறது. பிறகு மேலே ஒரு கோடு கிழிபடும். அதற்குக் கீழே உள்ள மொத்தப் பலகையும் நகரும். சில வினாடிகளில் அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

இதற்குச் செங்குத்தான மலை தேவையில்லை. 30 முதல் 45 டிகிரி சாய்வு போதும். நம் வீட்டு மாடிப்படியின் சாய்வு ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி சேருவதற்குள்ளேயே உதிர்ந்துவிடும்.

மலையேறிகள் பயப்படுகிற ஓசை ஒன்று உண்டு. பனியில் நடக்கும்போது காலுக்கு அடியில் 'வும்ப்' என்று ஒரு மூச்சு. அடியில் இருந்த பலவீன அடுக்கு அந்த இடத்தில் நொறுங்கி, மேலே உள்ள பனி ஒரு நூல் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சமதரையில் கேட்டால் பிழைத்தார்கள். சாய்வில் கேட்டால் பெரும்பாலும் அடுத்த அடி எடுத்து வைக்க நேரம் இருக்காது. பனிச்சறுக்கிலும் மலையேற்றத்திலும் பனிச்சரிவுக்குப் பலியாகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர், தாங்களோ தங்கள் குழுவினரோ உடைத்துவிட்ட பலகையில்தான் சாகிறார்கள் என்று மேல்நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன.

இந்த அடுக்கு எப்படி உண்டாகிறது என்பதுதான் விஷயத்தில் சுவாரஸ்யமான பகுதி. தமிழில் மார்கழி மாதம் புல்நுனியில் நிற்பதும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி. ஒரே சொல்லா என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இந்த ஓர் இடத்தில் தமிழ் தற்செயலாகச் சரியாக இருக்கிறது. பனிச்சரிவை உண்டாக்கும் மிக மோசமான அடுக்குகளில் ஒன்று உண்மையில் உறைந்துபோன மார்கழிப் பனிதான். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் பனித்தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து சில்லிட்டுப் போகும். காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் நேரடியாகப் படிகமாகிப் படியும். ஊட்டியில் ஜனவரி காலையில் புல்வெளி வெள்ளை பூத்திருக்குமே, அதேதான். இறகு இறகாக, செதில் செதிலாக, வெயில் பட்டால் மின்னும். பார்க்க அவ்வளவு அழகு. மறுநாள் வெயிலோ காற்றோ அதை அழித்துவிட்டால் தொல்லை இல்லை. அழிவதற்குள் புதுப்பனி விழுந்து மூடிவிட்டால், அந்தச் செதில்கள் நின்ற நிலையிலேயே புதைந்துவிடுகின்றன. மேலே எவ்வளவு பாரம் ஏறினாலும் வாரக்கணக்கில் ஒட்டாமல் நிற்கும்.

இன்னொரு வகை தரையை ஒட்டிப் பிறக்கிறது. பனி மூடிய மண்ணின் வெப்பநிலை குளிர்காலம் முழுவதும் ஏறக்குறைய பூஜ்யம் டிகிரி. மேலே காற்று மைனஸ் 20. நடுவில் ஒரு மீட்டர் பனி இருந்தால், மீட்டருக்கு 20 டிகிரி வித்தியாசம். மீட்டருக்கு 10 டிகிரியைத் தாண்டினாலே போதும், அடியிலிருந்து நீராவி மேலே ஏறத் தொடங்கும். வட்டமான சிறு மணிகள் கரைந்து, கோணங்களும் பட்டைகளும் கொண்ட பெரிய மணிகள் வளரும். கையில் அள்ளினால் சர்க்கரை போல விரலிடுக்கில் வழிந்துவிடும். உருண்டை பிடிக்கவே முடியாது. அதே குளிரில் மூன்று மீட்டர் பனி இருந்தால் வித்தியாசம் மீட்டருக்கு 7 டிகிரிக்கும் கீழே போய்விடும். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். அதாவது பனி குறைவாக விழுந்த குளிர்காலத்தில்தான் அஸ்திவாரம் அழுகிப்போகிறது. டிசம்பரில் கொஞ்சம் விழுந்து, ஜனவரி முழுவதும் வெறும் குளிராகக் கழிந்து, பிப்ரவரியில் கொட்டித் தீர்த்தால் அதைவிட மோசமான வரிசை வேறில்லை. பனி குறைகிறதே, இனி ஆபத்தும் குறையும் என்று மகிழ்வதற்கு இடமில்லை. இமாசலத்தில் மரங்களின் ஆண்டு வளையங்களில் பதிந்த காயங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, புவி சூடாவதோடு அங்கே பனிச்சரிவுகள் அதிகரித்திருப்பதாகவே கண்டது. சூட்டில் பனி நனைந்து கனப்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

இமயம் ஒரே மலை அல்ல. பனி நிபுணர்கள் மேற்கு இமயத்தை மூன்று பட்டைகளாகப் பிரிக்கிறார்கள். தெற்கே பீர் பஞ்சால்: குல்மார்க், பனிஹால், சோலாங். இங்கே பனி அதிகம், குளிர் ஒப்பீட்டளவில் குறைவு. புயலின்போதோ புயல் ஓய்ந்த ஓரிரு நாளிலோ இறங்கிவிடும். 2005 பிப்ரவரியில் தென்காஷ்மீரில் வால்டெங்கு நார் கிராமத்தைப் புதைத்து 150க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது இப்படியொரு புயல்தான். வடக்கே காரகோரம்: சியாச்சின் பக்கம். உலர்ந்த காற்று, மைனஸ் 40 வரை போகும் குளிர், மெல்லிய பனி. சர்க்கரை அடுக்குக்கு இதைவிடச் சிறந்த தொழிற்சாலை கிடையாது. பனிப்பொழிவு நின்று பல நாள் கழிந்தும், வானம் நீலமாக இருக்கும்போதும் இங்கே பனி சரியும். நடுவில் உள்ள பெரிய இமயத்தில், திராஸ், குரேஸ், லாஹௌல் பகுதிகளில், இரண்டு குணமும் கலந்திருக்கிறது. கணிக்கிறவர்களுக்குத் தலைவலி அங்கேதான்.

சியாச்சின் என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது 2016 பிப்ரவரி 3. சோனம் காவல் நிலையில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19வது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்ட கர்நாடகத்து ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று இறந்துபோனார். ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அது புதைந்த அடுக்கின் வேலை அல்ல. பனிக்கட்டிச் சுவர் ஒன்று இடிந்து விழுந்தது. அந்த ரகத்தை எந்தக் குழி தோண்டியும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாவற்றையும் 'பனிச்சரிவு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, எதையுமே தடுக்க முடியாது என்று கைவிரிப்பது வசதியான பழக்கம். புதைந்த அடுக்கு அப்படிப்பட்டதல்ல. அது தன் வருகையை முன்கூட்டியே சொல்கிறது. கேட்க ஆள் வேண்டும்.

கேட்கும் முறை பழையது. மலைக்கு மண்வெட்டியோடு போகிறார்கள். ஆபத்தான சாய்வில் இறங்கித் தோண்டுவது தற்கொலை. அதனால் அதே திசை, அதே உயரம், அதே சாய்வுள்ள, ஆனால் பத்திரமான ஒரு சிறு மேட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்றரை மீட்டர் குழி. ஒரு பக்கச் சுவரை வழவழப்பாகச் செதுக்குகிறார்கள். அந்தச் சுவரில் மொத்தக் குளிர்காலமும் கோடு கோடாகத் தெரியும். இது டிசம்பர்ப் பனி, இது புயல் அடித்த வாரம், இது மழை பெய்து உறைந்த ஏடு. பிறகு கைதான் கருவி. முஷ்டி உள்ளே போகிறதா, நான்கு விரலா, ஒரு விரலா, பென்சில் முனையா, கத்தியா என்று அடுக்கடுக்காக அழுத்திப் பார்த்துக் குறிக்கிறார்கள். இறுகிய இரண்டு அடுக்குகளுக்கு நடுவே முஷ்டி சுலபமாக நுழைந்தால் அங்கே விஷயம் இருக்கிறது. பத்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை வெப்பமானி. மில்லிமீட்டர் கோடு போட்ட தட்டில் சில மணிகளை உதிர்த்து, லென்ஸில் வடிவம் பார்ப்பது. உருண்டையா, பட்டை தீட்டியதா, செதிலா?

அடுத்தது தட்டிப் பார்ப்பது. 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் என்று ஒரு பனித்தூணை அறுத்துத் தனியாக நிறுத்துவார்கள். மேலே மண்வெட்டியின் தட்டையை வைப்பார்கள். மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில் உடைந்தது என்பதைவிட எப்படி உடைந்தது என்பது முக்கியம். கரடுமுரடாகப் பிளந்தால் பெரிய பயமில்லை. மேஜை டிராயர் போல வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால் அன்று அந்தப் பக்கம் போகக் கூடாது. 2006இல் சிமென்ஹோயிஸ், பிர்க்லண்ட் என்ற இருவர் இதை நீட்டித்தார்கள். தூணின் அகலம் 90 சென்டிமீட்டர், ஒரு முனையில் மட்டும் தட்ட வேண்டும். விரிசல் மறுமுனை வரை ஓடுகிறதா என்பதே கேள்வி. ஓடினால், சாய்விலும் ஓடும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழி இங்கே எடுபடாது. ஒரு முகட்டில் காற்று உறைபனிச் செதில்களைத் துடைத்து எறிந்திருக்கும். 50 மீட்டர் தள்ளி நிழல் பள்ளத்தில் அவை அப்படியே நிற்கும். அதனால் அனுபவசாலிகள் குழியை ஒரு பக்கச் சாட்சியாகத்தான் நம்புவார்கள். குழி 'ஆபத்து' என்றால் ஏற்பார்கள். 'பத்திரம்' என்றால் ஏற்க மாட்டார்கள். பல குழிகள், பல நாட்கள், பல திசைகள் என்று சேர்ந்தால்தான் உருவம் தெரியும். கண்காணிப்பு என்ற சொல்லுக்கு இங்கே அர்த்தம் அதுதான்.

கனடாக்காரர்கள் இதில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பலவீன அடுக்கு புதைந்த தேதியையே அதற்குப் பெயராக வைத்துவிடுவார்கள். 'ஜனவரி 20 அடுக்கு' இப்போது எத்தனை ஆழத்தில் இருக்கிறது, தட்டினால் இன்னும் உடைகிறதா, எந்தத் திசைச் சாய்வுகளில் இருக்கிறது என்று சீசன் முழுவதும் அதைப் பின்தொடர்கிறார்கள், தேடப்படும் குற்றவாளி மாதிரி. இதன் அருமை அவர்களுக்கு விலை கொடுத்துத் தெரிந்தது. 2002 நவம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பலவீன அடுக்கு உண்டாகிப் புதைந்தது. 2003 ஜனவரி 20 அன்று ஒரு பனிச்சரிவில் 7 பேர் இறந்தார்கள். பிப்ரவரி 1 அன்று இன்னொன்றில் பள்ளி மாணவர்கள் 7 பேர். அடுக்கு பிறந்து இரண்டு மாதத்துக்கும் மேலாகியிருந்தது. ஆழத்தில் புதைந்துவிட்டதால் தொந்தரவு தராது என்று எண்ணத் தோன்றும் கட்டம் அது. ஆழமான அடுக்கை ஒரு மனிதன் உடைப்பது கடினம் என்பது உண்மைதான். ஆனால் பனி மெலிந்த ஓர் இடத்தில் கால் பட்டுவிட்டால், உடைவது சிறு துண்டாக இருக்காது. அடுத்த ஆண்டே கனடாவில் பொதுமக்களுக்காகத் தேசியப் பனிச்சரிவு மையம் ஒன்று உருவானது.

நம் நாட்டில் இந்த வேலை ராணுவத் தேவையிலிருந்து பிறந்தது. 1969இல் மணாலியில் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020இல் இன்னொரு ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டு இப்போதைய பெயரைப் பெற்றது. மணாலிக்கு மேலே துண்டி, லே சாலையில் பட்சியோ போன்ற இடங்களில் அதன் கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் மலை மாநிலங்களுக்குத் தினமும் எச்சரிக்கை வெளியிடுகிறது. தானியங்கி வானிலைக் கருவிகள் பனியின் உயரத்தையும் வெப்பத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. மேல்நாடுகளில் இந்தத் தகவலைக் கம்ப்யூட்டர் மாதிரியில் போட்டு, தோண்டாமலேயே அடுக்குகளைக் கணக்கிட்டுப் பார்க்கும் அளவுக்குப் போயிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் உருவான ஊசி போன்ற ஒரு கருவி, பனிக்குள் இறங்கும்போது ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 250 முறை எதிர்ப்பை அளக்கிறது. விரல் தவறவிடும் மெல்லிய அடுக்கு அதற்குத் தப்பாது.

கருவி என்றாலே நமக்கு ஒரு மயக்கம் உண்டு. 2022இல் வடக்கு சிக்கிமில் ராணுவமும் இந்த ஆய்வு நிறுவனமும் சேர்ந்து பனிச்சரிவைக் கண்டறியும் ரேடார் ஒன்றை அமைத்தன. சரிவு தொடங்கிய மூன்றே வினாடியில் அது கண்டுபிடித்துவிடும். சாலையை மூடவும் மீட்புக்குழுவை அனுப்பவும் மிகவும் உதவும். ஆனால் அது பார்ப்பது உடைந்த பிறகு. உடையப்போகிற அடுக்கு அதன் கண்ணுக்குத் தெரியாது. 2023 ஏப்ரல் 4 அன்று அதே மாநிலத்தில் நாதுலா போகும் சாலையில் 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். ஒரே ஒரு பள்ளத்தாக்கைப் பார்க்கும் கண் இன்னொரு பள்ளத்தாக்கைப் பார்க்காது.

புதைந்தவர்களுக்கு இருக்கும் அவகாசம் மிகக் குறைவு. பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் தேறினாலே அதிகம். பெரும்பாலான சாவு குளிரால் அல்ல, மூச்சு முட்டி. டில்லியிலிருந்தோ டேராடூனிலிருந்தோ ஹெலிகாப்டர் கிளம்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே காப்பாற்றுவது என்றால், பெரும்பாலும் முன்கூட்டியே நகர்த்துவதுதான்.

யாரை நகர்த்துவது? ஜவான்களுக்காவது பயிற்சியும் கட்டளைச் சங்கிலியும் இருக்கின்றன. 2010 பிப்ரவரியில் குல்மார்க் அருகே மலைப்போர்ப் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த 17 ராணுவத்தினர் இறந்ததும், 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டண்டா சிகரத்தில் உத்தரகாசி மலையேற்ற நிறுவனத்தினர் 27 பேர் இறந்து, இருவர் காணாமல் போனதும், பயிற்சி இருந்தாலும் பனி மன்னிக்காது என்று காட்டின. அப்படியிருக்க பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் சாலையில் பனி அள்ள வந்த கூலித் தொழிலாளி என்ன செய்வார்? தலைக்கு மேலே இருக்கும் சாய்வைப் படிக்க அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. முகாம் எங்கே போடுவது என்பது அவர் முடிவும் அல்ல. ஐந்து மாவட்டங்களுக்கான எச்சரிக்கையில் தன் கொட்டகைக்கு மேலே உள்ள சாய்வும் அடங்குமா என்று அவர் கேட்க, பதில் சொல்ல ஆள் வேண்டும். அந்தப் பதில் அதே பள்ளத்தாக்கில், அந்த வாரம் தோண்டிய குழியிலிருந்துதான் வர முடியும்.

சுவிட்சர்லாந்தில் 1951 குளிர்காலத்தில் 98 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். இன்று அந்தச் சின்ன நாட்டில் சுமார் 200 உள்ளூர்ப் பார்வையாளர்கள் இருக்கிறார்கள். தினமும் காலையில் புதுப்பனியை அளந்து அனுப்புகிறார்கள். அவர்களில் பலர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழி தோண்டி அடுக்குகளைப் பதிகிறார்கள். தானியங்கிக் கருவிகள் வந்த பிறகும் அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. நம் பக்கத்தில் கேலாங், குரேஸ், திராஸ் என்று குளிர்காலம் முழுவதும் ஊரைவிட்டு நகராமல் வாழும் மக்கள் இருக்கிறார்கள். எந்த ஓடையில் எந்த மாதம் பனி இறங்கும் என்று தாத்தா காலத்திலிருந்து தெரிந்தவர்கள். இவர்களில் ஊருக்கு இருவருக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்தால் சண்டிகரின் வரைபடத்தில் இப்போது வெறுமையாக இருக்கும் பள்ளத்தாக்குகள் நிரம்பும். இதற்கு ஆகும் சாமான்: ஒரு மண்வெட்டி, வெப்பமானி, லென்ஸ், அளவுகோல், மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு தட்டு. பனித்தூணை அறுக்க ஒரு ரம்பமும் இருந்தால் நல்லது.